நகுமோமு இரண்டாம் முறை பிறந்த கதை

கச்சேரி மேடையில் ஒரு வித்வான் துணிந்து ‘நகுமோமு’வைச் சுத்த தைவதம் வைத்துப் பாடட்டும். அனுபல்லவி வருவதற்குள் சபையில் நெளிய ஆரம்பித்துவிடுவார்கள். “என்ன சார், ஸ்வரம் இடிக்குதே?” என்று பக்கத்து நாற்காலிக்காரர் கிசுகிசுப்பார். விவரம் தெரிந்த நாலு பேர் மட்டும் தலையாட்டிக்கொண்டிருப்பார்கள். வேடிக்கை என்னவென்றால், தியாகராஜ சுவாமிகள் இந்தக் கிருதியைத் திருவையாற்றில் பாடியபோது அதில் இருந்தது அந்தச் சுத்த தைவதம்தான் என்பது இசையறிஞர்கள் பலருடைய கருத்து. ரேடியோவிலும் சினிமாவிலும் கல்யாண வீட்டிலும் நம் காது பழகியிருக்கிற நகுமோமு, சுவாமிகள் சித்தியடைந்து ரொம்ப காலம் கழித்துப் பிறந்தது. அந்தப் பிறப்பில் காவிரிக்கும் பங்கு உண்டு, கறுப்பு அரக்குத் தட்டுக்கும் பங்கு உண்டு.

வித்தியாசம் எவ்வளவு என்று கேட்டால், ஒரே ஒரு ஸ்வரம். அதுவும் பாதி நேரம்தான். பாட்டு ஆபேரி ராகம். ஆபேரியில் மேலே ஏறும்போது ச, க, ம, ப, நி என்று போய்விடலாம். ரிஷபமும் தைவதமும் கிடையாது. இறங்கும்போதுதான் ஏழு ஸ்வரமும் வரும். ஆக, நிஷாதத்திலிருந்து பஞ்சமத்துக்கு இறங்குகிற வழியில் தைவதம் ஒரு கணம் தலைகாட்டும். அந்தக் கணத்தில் சுத்த தைவதம் பிடித்தால் ராகம் 20-ஆவது மேளமான நடபைரவியில் போய் உட்காரும்; சதுசுருதி தைவதம் பிடித்தால் 22-ஆவது மேளமான கரஹரப்ரியாவுக்கு வந்துவிடும். வீணையில் ஒரு மெட்டுத் தள்ளி விரலை வைக்கிற விஷயம். ஆர்மோனியத்தில் பக்கத்துக் கட்டை. ஆனால் பாடிப் பாருங்கள். சுத்த தைவதம் பஞ்சமத்தின் மேல் சாய்ந்துகொண்டு விசும்பும். சதுசுருதி தைவதம் சற்று விலகி நின்று, நிமிர்ந்த முகத்தோடு கேட்கும். வார்த்தை ஒன்றுதான், கேட்கிற ஆளே வேறு.

இனி, முதல் பிறப்பு. தஞ்சாவூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வடக்கே போனால் திருவையாறு. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று ஒவ்வொரு பாலமாகக் கடந்து கடைசியில் காவிரி. 1767-இல் திருவாரூரில் பிறந்த தியாகராஜர், இந்த ஊர்த் திருமஞ்சன வீதியில் குடியிருந்து, உஞ்சவிருத்தி எடுத்து, 1847-இல் இங்கேயே சமாதியானார். நெல் விளையும் தமிழ் மண்ணில் உட்கார்ந்து தெலுங்கில் ஏன் பாடினார் என்ற கேள்வி இன்றும் அவ்வப்போது எழும். தஞ்சை நாயக்கர்கள் ஆண்ட காலத்திலிருந்து இங்கே பாட்டுக்கும் நாட்டியத்துக்கும் தெலுங்குதான் வழக்கம். பின்னால் வந்த மராட்டிய மன்னர்களும் அதை மாற்றவில்லை. சுவாமிகளின் வீட்டு மொழியும் அதுவே.

தெலுங்கு தெரியாமலே இந்தப் பாட்டில் உருகுகிறவர்கள் இங்கே அதிகம். அர்த்தம் தெரிந்தால் கொஞ்சம் சிரிப்பும் வரும். உன் சிரித்த முகத்தைப் பார்க்க முடியாமல் நான் படுகிற பாடு தெரிந்தும் வந்து காப்பாற்றக் கூடாதா என்று ராமனிடம் பல்லவியில் கேட்கிறார். இது எல்லா பக்தரும் கேட்பதுதான். அனுபல்லவியில் குரல் மாறுகிறது: உன்னைச் சுற்றி இருக்கிற பரிவாரமெல்லாம் உனக்கு நல்லது எடுத்துச் சொல்லுகிறவர்கள்தானே, அவர்கள் எப்படிச் சும்மா இருப்பார்கள்? சரணத்தில் நேரடியாகவே ஒரு குத்து. நீ கிளம்பு என்று ஆணையிட்டும் உன் கருடன் வேகமாக வரவில்லையா? இல்லை, வானத்துக்கும் பூமிக்கும் ரொம்ப தூரம் என்று சொல்லிவிட்டானா? உலகத்தையே ஆளுகிறவன் நீயே இப்படி இருந்தால் நான் யாரிடம் போய் முறையிடுவது, பாசாங்கு வேண்டாம், என்னால் தாங்க முடியாது. வண்டி கிடைக்கவில்லை என்று சாக்குச் சொல்லும் உறவுக்காரரை வாசலில் நிற்க வைத்துக் கேட்கிற கேள்வி மாதிரியே இருக்கிறது.

அண்ணன் ஜப்யேசன் கோபத்தில் ராம விக்கிரகத்தைக் காவிரியில் எறிந்துவிட்டார், அதைத் தேடித் தவித்த நாட்களில் பிறந்தவை என்று சுவாமிகளின் பல கிருதிகளுக்கு ஊரில் கதை உண்டு. பிரிவுத் துயரம் தொனிக்கிற எந்தப் பாட்டையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுகிற வழக்கமும் உண்டு. நகுமோமுவை நான் அதில் சேர்க்க மாட்டேன். ஆற்றில் தொலைத்துவிட்டுத் தேடுகிறவனுக்குக் கருடனைக் கிண்டல் செய்ய மனம் வருமா?

சுவாமிகள் பாடினார், சீடர்கள் கேட்டுப் பாடம் பண்ணினார்கள். உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாபேட்டை என்று மூன்று சீட வழிகளை இசைச் சரித்திரம் சொல்லும். வாலாஜாபேட்டைச் சீடர்கள் எழுதி வைத்த சுவடிகள் மதுரை சௌராஷ்டிர சபையில் இருக்கின்றன. ஆனால் சாகித்தியத்தை ஏட்டில் எழுதிவிடலாம். கமகத்தையும், தைவதம் எந்த அளவு தாழ்ந்தது என்பதையும் எப்படி எழுதுவது? ராகத்தின் பெயர் போட்டிருக்கும், அவ்வளவுதான். தாளும் அச்சும் சாட்சி சொல்வது திருவாரூரின் இன்னொரு பிள்ளையான முத்துசுவாமி தீட்சிதர் பக்கத்திலிருந்துதான். அவருடைய ‘வீணாபேரி’ ஆபேரிக் கிருதி. தீட்சிதர் வழியில் வந்த சுப்பராம தீட்சிதர் எட்டயபுரத்தில் 1904-இல் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ ஆபேரியை 20-ஆவது மேளத்தில், சுத்த தைவதத்தோடு வைத்திருக்கிறது. இன்று நாம் ஆபேரி என்று கேட்கிற உருவத்துக்கு அன்றைக்குக் கர்நாடக தேவகாந்தாரி என்று வேறு பெயர் இருந்தது. பெயர் ஒன்றின் வீட்டில் இன்னொன்று குடியேறிவிட்டது.

குடியேற்றம் எப்போது, யாரால்? இசையுலகில் பேச்சு வந்தால் முதலில் சொல்லப்படுகிற பெயர் முசிறி சுப்பிரமணிய ஐயர். திருவையாற்றிலிருந்து காவிரிக்கு எதிர்முகமாக மேற்கே போய், திருச்சியையும் தாண்டினால் வடகரையில் முசிறி. அதன் பக்கத்தில் பொம்மலாபாளையத்தில் 1899-இல் பிறந்தவர். ஓடி ஓடி ஸ்வரம் கொட்டுகிற பாடகர் இல்லை. ஒரு வரியை எடுத்துக்கொண்டு, நிரவலில் அதையே திருப்பித் திருப்பிக் கெஞ்சி, கேட்கிறவன் கண்ணைத் துடைத்துக்கொள்கிற வரை விடமாட்டார். 1938-இல் வந்த ‘துக்காராம்’ படத்தில் அவரே துக்காராமாக நடித்தார். அது ஒன்றுதான் அவர் நடித்த படம். அடுத்த வருஷம், 1939-இல், சங்கீத கலாநிதி பட்டம். பிறகு 1949-இல் சென்னையில் தொடங்கிய மத்திய கர்நாடக இசைக் கல்லூரிக்கு முதல் முதல்வர். திருவையாற்று ஆராதனை நிர்வாகத்திலும் பொறுப்பு வகித்தவர். இத்தனை இருந்தும் ஊர் நாட்டில் அவரை அறியவைத்தது அவருடைய நகுமோமு இசைத்தட்டுதான். அதில் தைவதம் சதுசுருதி.

முசிறி உட்கார்ந்து திட்டம் போட்டு ஸ்வரத்தை மாற்றினார் என்று சொல்வது நியாயமாகப் படவில்லை. ஏனென்றால் அவர் வழி அந்நிய வழி இல்லை. அவருக்குக் குருவாக இருந்தவர்களில் ஒருவர் சபேசய்யர். சபேசய்யரின் குரு மகா வைத்தியநாத சிவன். சிவனின் குரு மானம்புச்சாவடி வேங்கடசுப்பையர். மானம்புச்சாவடி இன்றைக்கும் தஞ்சாவூர் டவுனுக்குள் ஒரு பேட்டை. அந்த வேங்கடசுப்பையர் தியாகராஜருக்கு உறவினர், நேர்ச் சீடர். அதே மானம்புச்சாவடியாரிடம் படித்தவர் பட்டணம் சுப்பிரமணிய ஐயர். அவரிடம் படிக்க மைசூர் மகாராஜா திருவையாற்றுக்கு அனுப்பி வைத்த பையன்தான் பின்னாளில் மைசூர் வாசுதேவாச்சாரியார். அவர் இயற்றிய ‘பஜரே ரே மானஸ’வும் ஆபேரி, அதையும் மேடையில் சதுசுருதி தைவதத்தோடுதான் பாடுகிறார்கள். பிற்காலத்தில் நகுமோமுவைத் தன் சொத்தாகவே ஆக்கிக்கொண்ட பாலமுரளிகிருஷ்ணாவின் குரு பாருபள்ளி ராமகிருஷ்ணய்யா பந்துலு. அவருடைய குரு சுசர்ல தட்சிணாமூர்த்தி சாஸ்திரி. சாஸ்திரியின் குரு மறுபடியும் மானம்புச்சாவடி வேங்கடசுப்பையர். எந்தக் கிளையைப் பிடித்து இழுத்தாலும் தஞ்சாவூரின் அந்த ஒரு பேட்டையில் வந்து நிற்கிறது.

அப்புறம் ஏன் மாறியது? என் எண்ணத்தைச் சொல்கிறேன். தஞ்சாவூர் ஒருபோதும் காதைப் பொத்திக்கொண்ட ஊர் இல்லை. மராட்டியர் கொண்டுவந்த அபங்கமும் ஹரிகதையும், தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் போன்றவர்கள் கையில், இந்த மண்ணின் சொந்தக் கலையாகவே ஆகிவிட்டன. அவற்றோடு வடக்கத்தி மெட்டுகளும் வந்தன. ஊர் ஊராகப் போன நாடகக் கம்பெனிகளின் ஆர்மோனியம் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. ஹிந்துஸ்தானியில் பீம்பிளாஸி என்ற ராகம். ஏற்றத்தில் ஐந்து, இறக்கத்தில் ஏழு, தைவதம் நம் கணக்கில் சதுசுருதி. ஆபேரிக்கு அது ஒரு மெட்டுத் தள்ளி நிற்கிற ராகம். இந்தப் பக்கத்துக் காதில் அது ஏறிவிட்ட பிறகு, இறங்கும்போது தைவதம் தானாகவே அங்கே போய் நின்றிருக்கும். ஒருவர் மாற்றியது என்பதைவிட ஒரு தலைமுறையின் காது மாற்றியது என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. முசிறியின் குரல் அதற்குக் கையெழுத்துப் போட்டது.

கையெழுத்து என்றால் அழியாத கையெழுத்து. இங்கேதான் அரக்குத் தட்டின் வேலை. இந்தியாவில் இசைத்தட்டுப் பதிவு 1902-இல் கல்கத்தாவில் ஆரம்பித்தது. பத்து அங்குலத் தட்டு, நிமிஷத்துக்கு 78 சுற்று, பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம். அரை மணி நேரம் விஸ்தாரம் செய்கிற பாடகரும் அதற்குள் முடித்தாக வேண்டும். ஆலாபனை ஒரு கீற்று, சங்கதிகளில் பொறுக்கி எடுத்த நாலைந்து, அவ்வளவுதான். நகுமோமுவுக்கு இந்த நெருக்கடி நல்லதாகவே அமைந்தது. எடுத்த எடுப்பில் பிடிக்கிற பல்லவி, மேலே போய்த் தவிக்கிற அனுபல்லவி, முறையீட்டில் முடிகிற சரணம். மூன்று நிமிஷப் பாட்டுக்கு என்றே செய்தது போல இருக்கிறது. இன்றைய சினிமாப் பாட்டின் அளவும் ஏறக்குறைய அந்தத் தட்டு போட்டுக் கொடுத்ததுதான்.

அதற்கு முன்னால் ஒரு கிருதி ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் கொஞ்சம் கொஞ்சம் மாறிக்கொண்டே இருக்கும். உமையாள்புரத்தில் ஒரு பாடம், தில்லைஸ்தானத்தில் ஒரு பாடம். யாரும் யாரையும் தப்பென்று சொல்ல முடியாது. தட்டு வந்ததும், மிராசுதார் வீட்டுத் திண்ணையிலும் காபி கிளப்பிலும் ஊசி ஓடியபோதெல்லாம் ஒரே குரல், ஒரே சங்கதி, ஒரே தைவதம். நூறு தடவை மாறாமல் பாடுகிற குரு அதற்கு முன் இருந்ததில்லை. பாடம் கேட்கப் போகிற பையன் காதில் அது ஏற்கெனவே ஏறியிருக்கும். வாத்தியார் சுத்த தைவதம் சொல்லிக் கொடுத்தாலும் அவன் மனசு தட்டின் பக்கம்தான் சாயும். அடுத்த தலைமுறையில் அந்தப் பையனே வாத்தியார்.

வெளிநாட்டிலும் இப்படி நடப்பதுண்டு. லியனார்ட் கோஹன் 1984-இல் பாடிய ‘ஹாலெலூயா’ அப்போது பெரிதாக எடுபடவில்லை. 1991-இல் ஜான் கேல் அதைத் தன் பாணியில் பாடினார். அதைப் பின்பற்றி 1994-இல் ஜெஃப் பக்லி பாடியதுதான் உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் கோஹனின் தட்டு இன்னும் கையில் இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்கலாம். திருவையாற்றில் 1847-க்கு முன்னால் ஒலித்த நகுமோமுவை ஒப்பிட ஒன்றுமில்லை.

முசிறிக்கு அப்புறம் பாட்டு நிற்கவில்லை. பாலமுரளிகிருஷ்ணா பாடியதில் இன்னொரு சுகம் உண்டு. தெலுங்கு அவருக்குத் தாய்மொழி என்பதால் கருடனைப் பற்றிய கேள்வி கேள்வியாகவே வந்து விழும். முசிறி அழுத இடத்தில் இவர் செல்லமாகக் கோபித்துக்கொள்வார். எனக்கு இரண்டும் வேண்டும். ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் பாலமுரளியை வைத்துக்கொள்வேன். சாகித்தியத்தில் இருக்கிற உரிமைச் சண்டை அங்கேதான் கேட்கிறது. சதுசுருதி தைவதம் வந்தது பாட்டுக்கு நல்லதாகவே ஆயிற்று என்று நான் நினைப்பதற்கும் அதுதான் காரணம். விசும்பிக்கொண்டே குத்திக் காட்டுவது கஷ்டம்.

வயலின், வீணை, மாண்டலின், சாக்சபோன், புல்லாங்குழல் என்று நகுமோமு ஏறாத வாத்தியம் இல்லை. கிருதியை விட்டுவிட்டு ராகத்தை மட்டும் பார்த்தால் பட்டியல் இன்னும் நீளும். 1962-இல் ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ்.எம். சுப்பையா நாயுடு இசையில் எஸ். ஜானகியும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும் போட்டி போட்ட ‘சிங்கார வேலனே தேவா’ ஆபேரி. காருகுறிச்சி நெல்லைச் சீமைக்காரர் என்றாலும் வித்தை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடமிருந்து, அதாவது இதே காவிரிக் கரையிலிருந்து, போனது. 1998-இல் ‘ஜீன்ஸ்’ படத்தில் ஏ.ஆர். ரகுமான் இசையில் நித்யஸ்ரீ பாடிய ‘கண்ணோடு காண்பதெல்லாம்’ பாட்டும் இந்த வீட்டுப் பெண்தான். இவை எதிலும் சுத்த தைவதம் வைத்திருந்தால் பாட்டே வேறாகியிருக்கும்.

மலையாளிகளுக்கு நகுமோமு என்றால் 1988-இல் வந்த பிரியதர்ஷனின் ‘சித்ரம்’. எம்.ஜி. ஸ்ரீகுமாரும் நெய்யாற்றின்கரை வாசுதேவனும் மாற்றி மாற்றிப் பாட, திரையில் மோகன்லால். தியாகராஜரின் பெயரே கேள்விப்படாத ஆட்கள்கூட அங்கே அந்தப் பல்லவியை முணுமுணுப்பார்கள். 2022-இல் ‘ஹிருதயம்’ படத்தில் ஹேஷம் அப்துல் வஹாப் இசையில் அரவிந்த் வேணுகோபால் குரலில் அது மறுபடி வந்தது. கதை நடப்பது சென்னை இன்ஜினீயரிங் காலேஜில். இரண்டுக்கும் இடையில் 34 வருஷம், ஒரு முழுத் தலைமுறை.

நகுமோமுவின் தைவதம் மாறியபோது யாரும் கொடி பிடிக்கவில்லை என்பது கவனிக்க வேண்டியது. 1985-இல் ‘சிந்து பைரவி’யில் இளையராஜா, காம்போஜியில் இருந்த தியாகராஜரின் ‘மரி மரி நின்னே’யைச் சாரமதியில் போட்டபோது சங்கீத வட்டாரத்தில் எவ்வளவு பேச்சு! கிருதியின் ராகத்தை மாற்ற இவர் யார் என்று கேட்டார்கள். அவர் தெரிந்து மாற்றினார், பெயர் சொல்லி மாற்றினார், அதனால் மாட்டிக்கொண்டார். நகுமோமு மாறியபோது ராகத்தின் பெயர்ப்பலகை அப்படியே இருந்தது. உள்ளே சாமான் மாறியதை யாரும் பார்க்கவில்லை.

தை மாதம் பகுள பஞ்சமியில் திருவையாற்றில் ஆராதனை. டெல்டாவில் சம்பா அறுவடை ஆரம்பிக்கிற சமயம். மேட்டூர் அணையை ஜனவரி 28-ஆம் தேதியோடு மூடுவது வழக்கம் என்பதால் காவிரியில் கடைசித் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். பெங்களூர் நாகரத்தினம்மாள் தன் சொத்தைப் போட்டு 1920-களில் எழுப்பிய சமாதிக் கோயில் முன்னால் பந்தல். எல்லோரும் சேர்ந்து பஞ்சரத்தினம் பாடி முடித்ததும் ஒவ்வொருவராக மேடையேறுவார்கள். ஆளுக்குச் சில நிமிஷம்தான். அந்த அவகாசத்துக்குள் எதைப் பாடுவது என்று வருகிறபோது பழைய இசைத்தட்டின் கணக்கு மறுபடி உதவிக்கு வரும். சுவாமிகளின் சமாதியிலிருந்து இருபது முப்பதடி தூரத்தில் நகுமோமு பாடப்படும், இரண்டாவதாகப் பிறந்தது.

பழைய தைவதத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று சொல்கிற வித்வான்கள் இருக்கிறார்கள். மேடையில் அப்படியே பாடியும் காட்டுகிறார்கள். பாடட்டும், கேட்க வேண்டிய விஷயம்தான். ஆனால் ‘சரியான நகுமோமு’ என்று அறிவித்துவிட்டுப் பாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. முசிறியின் பாடமும் மானம்புச்சாவடி வழியாக வந்ததே. பாடப்புத்தகங்களில் இன்றைக்கு ஆபேரி 22-ஆவது மேளத்து ஜன்யம் என்றுதான் அச்சாகிறது. பழைய ஆபேரியோடு பழக வேண்டும் என்கிற மாணவர் திருவையாற்றை விட்டுத் திருவாரூர்ப் பக்கம் திரும்பி, தீட்சிதரின் ‘வீணாபேரி’யைப் பாடம் பண்ணுவது நல்லது.